அப்பா எழுதிய பூஜ்யங்கள்

நீல மட்டை போட்ட அந்த நோட்டு இப்போதும் பல்கலைக்கழகத்தில் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் புஞ்சையில் ஊன்றியிருந்த மழைமானியை, தினமும் காலை எட்டரை மணிக்கு அப்பா பார்த்து எழுதிய நோட்டு. மழைமானியைக் கொடுத்தவர் பேராசிரியர். வங்கக் கடலிலிருந்து வரும் மேகம் எங்கள் பக்கத்தை மட்டும் ஏன் ஏய்த்துவிட்டுப் போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் அவரிடம் ஆய்வு மாணவி.

வளிமண்டல இயக்கத்தை அவரைப் போல நடத்த ஆள் கிடையாது. கரும்பலகையில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, மேலே ஏறாமல் இறங்குகிற காற்று மேகத்தை எப்படிக் கலைக்கிறது என்று அவர் சொன்னால், எங்கள் ஊர் வானமே அதில் தெரியும். அதே வாயால் ஆளையும் உரிப்பார். ஒருநாள் அப்பாவின் நோட்டை வகுப்பில் தூக்கிக் காட்டினார். மழை பெய்த நாட்களுக்கு மட்டுமே அதில் அளவு இருந்தது. மற்ற நாட்கள் வெறுமையாகக் கிடந்தன.

“எழுதாத நாளெல்லாம் மழை இல்லாத நாள்னு நான் எப்படி எடுத்துக்கிறது? உங்க அப்பா தூங்கிட்ட நாளாவும் இருக்கலாமே?”

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவைக் காய்ச்சி எடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறாமல் புஞ்சைக்குப் போனவர் அவர். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வெறுமனே ‘போறேன்’ என்றால் ஆகாது. மழை விஷயத்தில் அப்பாவுக்கும் அதே கணக்கு.

“மழை இல்லேன்னு நம்ம கையால எழுதலாமா தாயி?” என்று கேட்டார்.

பேராசிரியரிடம் சொன்னேன். வருகிற ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை இல்லாத நாளுக்கெல்லாம் பூஜ்யம் எழுதட்டும், ஒரு நாள் விட்டாலும் என் ஆய்வையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன். என் படிப்பு போனால் அவரால்தான் என்று என் பங்குக்கும் ஒன்று சேர்த்தேன்.

அப்பா எழுதினார். அந்தப் பருவம் பொய்த்தது. ஐப்பசி பிறந்ததும் புழுதியில் விதைத்த கம்பும் பருத்தியும் முளைக்காமலே எறும்புக்குப் போயின. அவர் எழுதிக்கொண்டே இருந்தார், பக்கம் பக்கமாகப் பூஜ்யம். இவ்வளவு சுத்தமான வறட்சிப் பதிவு தனக்குக் கிடைத்ததே இல்லை என்று பேராசிரியர் என்னைப் பாராட்டினார். எனக்குப் பட்டம் கிடைத்தது.

கடலின் வெப்பம், காற்றின் போக்கு என்று அப்பாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா எழுதுனது நாந்தானே.”

அதற்குப் பிறகு அவர் விதைக்கவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு மில்லுக்குக் காவல் வேலைக்குப் போய், அந்த வேலையிலேயே செத்தும் போனார். புஞ்சையில் கருவேலம் ஏறிவிட்டது.

இன்று அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். காலையில் ஒரு மாணவியின் பதிவில் வெற்றிடத்தைப் பார்த்ததும், அன்றைக்குத் தூங்கிவிட்டாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். அறைக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

அந்தப் பருவத்தில் அப்பா ஒரே ஒரு நாளை எழுதாமல் விட்டிருந்தார். விதைத்த நாள். அன்றைக்கு மட்டும் மனசு வரவில்லை என்றார். பேராசிரியரிடம் கொடுக்கும் முன், பஸ்ஸில் உட்கார்ந்து அந்த இடத்தில் நானே பூஜ்யம் போட்டேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பது சுலபம்தான். அப்பா போட்ட பூஜ்யம் ஒன்றுகூட மேலே முழுதாக மூடவில்லை. சின்னதாக வழி விட்டிருக்கிறார். இறுக மூடியிருப்பது என்னுடையது மட்டும்.