அக்ரிமோனியஸ் என்று டைப் அடித்தேன்

பத்துப் பேர் கத்துவதைப் பத்து வரியில் மரியாதையாக எழுதித் தருவதுதான் ஸ்டெனோ வேலை; மினிட்ஸ் எழுதி நொந்த ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா!

கனமான வார்த்தை

தொண்ணூறுகளில் மதுரையிலிருந்து கல்கத்தா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாதம் ஒரு யூனியன் கூட்டம். செயலாளர் பிஸ்வாஸ்தா மேஜையைக் குத்துவார், மேனேஜர் எழுந்து நின்று கத்துவார்.  இதை டெல்லி ஹெட் ஆபீசுக்கு எப்படி எழுதித் தொலைப்பது?

பேப்பரில் ஒரு பேச்சுவார்த்தையை 'அக்ரிமோனியஸ்' என்று போட்டிருந்தான். அகராதியில் பார்த்தால், மனக்கசப்பும் காழ்ப்புமான சண்டையாம். அட, நம்ம ஆபீசேதான்! டைப் அடித்து நீட்டினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டபடி சொன்னார்: "நல்ல கனமான வார்த்தை. டெல்லிக்காரன் கொஞ்சம் பயப்படட்டும்."

ஒரே பொட்டலம்

சாயந்தரம் வெளியே வந்தால், மேனேஜரும் பிஸ்வாஸ்தாவும் ஒரே பொட்டலத்தில் பொரி தின்றுகொண்டு ஃபுட்பால் பேசுகிறார்கள்.  காழ்ப்பு எங்கேய்யா போச்சு?

எனக்கு லேக் மார்க்கெட் பக்கம் வீடு பார்த்துக் கொடுத்தவர், என் மனைவியின் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவர் பிஸ்வாஸ்தா. வங்காளத்தில் அண்ணனை 'தாதா', சுருக்கமாக 'தா' என்பார்கள்; அந்த உரிமையோடு கேட்டேன், "தாதா, சண்டை தீர்ந்துதா?" என்று. அவர் விழித்தார். "ஏய் மதுரை, எது சண்டை? பேசிக்கிட்டுதானே இருந்தோம்!"

டெல்லி பயந்துவிட்டது

நிஜமாகவே பயந்துவிட்டது. கூட்டத்தில் காழ்ப்பு வளர்க்கிறார் என்று பிஸ்வாஸ்தாவை அசாமுக்கு மாற்றி ஆர்டர் வந்தது. அவர் மகளுக்கு அந்த வருஷம் பத்தாவது பரீட்சை. பாவி, என்ன காரியம் செய்தேன்! 'சுமுகமாக நடந்தது' என்று திருத்தம் அடித்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. "போன மாசம் காழ்ப்பு, இந்த மாசம் சுமுகமா? நம்ம ரெண்டு பேரையும் பைத்தியம்னுதான் சொல்லுவான்."

மேஜை தப்பித்தது

பிஸ்வாஸ்தாவின் கடைசிக் கூட்டம். யாரும் குரலை உயர்த்தவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார், மினிட்ஸில் கையெழுத்துப் போட்டார், பொரி வாங்கப் போகவில்லை. அவர் சீட்டுக்குப் போய், "தாதா, தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன். அழுகையே வந்துவிட்டது. அவர் ஃபைலை மூடிவைத்து, மெதுவாக, சிரித்த முகமாகவே சொன்னார்: "பரவாயில்லை மிஸ்டர் சுந்தரம், நீங்க உங்க வேலையைச் செய்தீங்க."

எது சண்டை, எது பேச்சு என்று கடைசிவரை பிடிபடாததால், ரிடையர் ஆகும்வரை எல்லாக் கூட்டத்துக்கும் 'கூட்டம் நடைபெற்றது' என்று அடித்ததோடு சரி.