ஊசியைத் திருப்பிய கை

என் தகப்பனார் கொழும்பிலிருந்து தருவித்துக் கல்யாணச் சீராகத் தந்த தையல் யந்திரத்தில் நான் உட்கார்ந்தால் மட்டும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. குழந்தையின் சட்டையில் ஒரு சாண்கூட ஓடாது. தாய்வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் தைத்தால் ஒழுங்காக ஓடும்.

"படிச்ச கைக்கு நூல் நிக்காது போல. மிஷின எம் மவளே அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டு போவட்டும்" என்றார் மாமியார். என் கையில்தான் குறையோ என்று நானும் அஞ்சினேன்.

ஒரு நாள் ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்பக்கம் இருக்க வேண்டிய நீண்ட பள்ளம் உள்பக்கம் திரும்பியிருந்தது. சரியாக மாட்டினேன், நூல் அறுபடவில்லை. நாத்தனார் தைத்து எழும்போதெல்லாம் ஊசியைத் தொட்டுவிட்டுப் போவது நினைவுக்கு வந்தது; யாரிடமும் சொல்லவில்லை.

புறப்படும் நாளில் நாத்தனார் அண்டைவீட்டாருக்குத் தைத்துக் காட்ட உட்காருமுன், ஊசியை நானே பழையபடி பள்ளம் உள்பக்கமாகத் திருப்பி வைத்தேன். நூல் அறுந்தது, மறுபடியும் அறுந்தது.

"கைராசி எங்கன போச்சு மைனி?" என்றேன்.

அவர் கோபத்தில் ஊசியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். யந்திரம் ஓடியது.

"ஏட்டி, இது தெரிஞ்சுக்கிட்டா இத்தன நாளும் வாய மூடிட்டு இருந்த?" என்றார் மாமியார் மகளிடம். நாத்தனார் முகம் சிவக்க எழுந்து உள்ளே போனார்.

யந்திரம் என்னிடமே இருக்கிறது. நான் செய்தது தகுமா என்று சில சமயம் யோசிக்கிறேன். அந்த முகம் நினைவுக்கு வந்ததும் மனம் குளிர்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் தைத்து முடித்ததும் ஊசியைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிடுகிறேன்.