மூன்றாம் ஓலைக்கு முந்திய வாரம்

வெயில் காயும் கரையில் பனியின் பெயரால் வீற்றிருக்கும் தாயே, நின் திருமகனின் பாதமலர் பணிந்து இதை எழுதத் தொடங்குகிறேன். அச்சத்தில் நடுங்கிய கை எழுதுவது. பிழை நேராமல் காத்தருள்க.

ஆனந்த ஆண்டு, ஆவணித் திங்கள், தேவமாதா பிறந்த திருநாளாகிய ஞாயிற்றுக்கிழமை. அந்நன்னாளில்தான் எங்கள் பங்கின் குடும்ப வரலாற்றுச் சங்கத்தில் நான் உறுப்பினன் ஆனேன். அன்று காலைப் பூசையில் என் ஒரே மகளின் திருமணத்துக்கு இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டிருந்தது. மணமக்களின் பெயர்களை மூன்று ஞாயிறும் சபையறிய வாசித்து, தடை ஏதும் அறிந்தவர் உண்டா என்று சாமியார் கேட்பது எங்கள் வழக்கம். மூன்றாம் ஓலைக்கு ஒரு வாரமே இருந்தது.

சங்கத்தில் சேர என்னைத் தூண்டியது பக்தியன்று, அகந்தை. சுங்க அலுவலகத்தில் எழுத்தனாய் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, கலம்பகமும் அம்மானையுமாய்த் தாயின் புகழ்ப் பாடல்கள் பல நூறு மனப்பாடம். என் தந்தை பாடினார், பாட்டனார் பாடினார். அந்த வரிசையைப் பலர் முன் விரித்துக் காட்ட ஆசைப்பட்டேன். புதிதாய்ச் சேர்பவர் நான்கு தலைமுறைப் படம் வரைந்து வந்து விளக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதியாகவும் இருந்தது.

கடற்கரைச் சாலையில், வாசகசாலையின் மாடியறையில் பன்னிரண்டு பேர் கூடியிருந்தனர். என் படத்தில் பாட்டனாருக்கு அருகே ஒரு வெற்று வட்டம் இருந்தது. அவருடன் பிறந்தவர் ஒருவர் உண்டென்று தந்தை எப்போதோ சொன்னதாக நினைவு. பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது.

செயலாளர் ஒரு பழைய பள்ளி ஆசிரியர். "இதென்னவே, உமக்கு நீரே முட்டை போட்டு வச்சிருக்கீரு?" என்றார்.

வேம்பாரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து படத்தருகே வந்தார். "அண்ணாச்சி, உங்க பூட்டனாரு சலாபத்துல முத்துக்குளிச்சவருதான? அவரு பிள்ளைகள்ல ஒண்ணு எங்க ஊருல வந்து குடியிருந்துச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. நம்ம தோணிக்காரரு வீட்டு வழி அதுதான்."

தோணிக்காரர் என்று அவர் சொன்னது, எனக்குச் சம்பந்தி ஆகவிருந்தவரை, மாப்பிள்ளையின் தந்தையை.

"அப்போ சொந்தத்துக்குள்ளயே முடிச்சிட்டாரு. கமுக்கமான ஆளுய்யா," என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் முறையை எண்ணிப் பார்த்தேன்.

வேம்பாருக்குப் போனது பெண்ணாயின் குறையில்லை. பாட்டனாரின் சகோதரி வழிவந்த தோணிக்காரர் எனக்கு மைத்துனர். அவர் மகன் எனக்கு மருமகன். போனது ஆணாயின் தோணிக்காரர் எனக்குச் சகோதரர். அவர் மகன் என் மகளுக்கு அண்ணன். இரு வீட்டாருக்கும் தந்தைவழி வரும் ஒரே போர்த்துக்கீசியத் துணைப்பெயர். கரையில் பாதிப் பேருக்கு அதே பெயர் என்பதால் அதுவரை அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று அது நெஞ்சில் முள்ளாயிற்று.

"போனது ஆணா பொண்ணா?" என்று முதியவரைக் கேட்டேன்.

"அது தெரியாது அண்ணாச்சி. அப்பாவும் சொல்லல, நானும் கேக்கல."

வீட்டில் என் மனைவி கல்யாணச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஊசி நகரவில்லை. "உங்கள யாரு அங்க போகச் சொன்னா? இத்தன வருசமா வீட்டுலதான பாடிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். பிறகு, மெல்ல: "பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

திங்களன்று பங்குச் சாமியாரைக் கண்டேன். வெளியூரிலிருந்து வந்த இளைஞர். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, உறவு மிகத் தூரம், திருச்சபைச் சட்டத்தில் தடையில்லை, நிம்மதியாய்ப் போங்கள் என்றார். மனைவிக்கு அது போதவில்லை.

"அவரு தலைமுறையத்தான் எண்ணுவாரு. முறைய யாரு எண்ணுவா? அண்ணனுக்கா தங்கச்சியக் குடுத்தீகன்னு ஒருத்தி குழாயடியில கேட்டா, சாமியாரா வந்து பதில் சொல்லுவாரு?"

மூன்று நாள் செபமாலை கையில் இருந்தது, செபம் வரவில்லை. நாள்தோறும் பாடிய விருத்தம் மூன்றாம் அடியில் நின்றுவிட்டது. சங்கத்தில் சிரித்தவர் எவரும் முறையை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் வாய் திறவாமல் இருந்தால் ஞாயிறு தானே கடந்துபோகும். இந்த எண்ணம் எனக்குள் இனிமையாய் நுழைந்ததைக் கண்டபோதுதான் மெய்யாகவே அஞ்சினேன்.

வியாழக்கிழமை பழைய துறைமுகக் கரைக்குச் சென்றேன். தோணிக்காரர் தம் தோணிக்குத் தார் பூசுவதை மேற்பார்த்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரலில் ஒட்டிய தாரைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா கைப்பிள்ளையா இருக்கயில காலராவுக்குத் தாயி தகப்பன் ரெண்டு பேரையும் குடுத்தவரு. தாத்தா பேரத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். பிறகு, "இத நீங்க சொல்லாம விட்டிருக்கலாமே," என்றார்.

"விட்டிருக்கலாம்."

"அப்போ வாங்க, ரெண்டு பேருமாப் போயிப் பாப்போம். ஒருத்தரு பாத்து வந்து இன்னொருத்தருக்குச் சொன்னா, அது சரியா வராது."

மணப்பெண்ணின் பங்கிலேயே திருமணம் நடப்பது வழக்கம். ஆகவே வேம்பாருக்குப் போனவர் பெண்ணாயின் எங்கள் கோயிலின் திருமணப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். வெள்ளியன்று காலை, ஆலயப் பணி பார்க்கும் கோயில்பிள்ளை அலமாரியைத் திறந்து இரண்டு தடித்த ஏடுகளை எடுத்து வைத்தார். பழைய பூசையால் எனக்குச் சற்றுப் பழக்கமான லத்தீன்; செல்லரித்த தாள்கள். அந்த ஒரு பக்கம் அரிக்கப்பட்டே போயிருக்கட்டும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமலே போகட்டும் என்று அந்த அறையில் நான் வேண்டிக்கொண்டதை இங்கே மறைக்கவில்லை.

முதல் ஏடு முடிந்தது, இல்லை. தோணிக்காரர் இரண்டாவதை என் பக்கம் தள்ளினார். நண்பகல் மணி அடித்த சற்று நேரத்தில் என் பூட்டனாரின் பெயர் கண்ணில் பட்டது. மணமகளின் தந்தை என்ற இடத்தில். மணமகன் பெயரைப் படிக்க என் கண்கள் உதவவில்லை. ஏட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு லத்தீன் தெரியாது. ஆயினும் எழுத்துக் கூட்டி ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"எங்க தாத்தா," என்றார். "அப்போ வந்தது பொண்ணுதான அண்ணாச்சி? எதுக்கும் இன்னொரு தடவ வாசிங்க."

மூன்று முறை வாசித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தார் நெடி என்றார்.

ஞாயிறன்று மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர் உண்டா என்று சாமியார் கேட்டு நிறுத்தியபோது, எல்லாம் அறிந்திருந்தும் என் முதுகு வியர்த்தது. யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கத்தில் என் மகள், ஒன்றும் அறியாதவளாய், முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாமியார் தாளைத் திருப்பினார்.

இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் தாயின் அருள் துணைநிற்பதாக. உங்கள் குலத்தின் ஏட்டைத் திறக்கும் நாளில் உங்கள் கை நடுங்காதிருப்பதாக. நடுங்கினால், அருகமர்ந்து உடன் பார்க்க உங்களுக்கும் ஒருவர் வாய்ப்பாராக. உங்கள் மக்கள் மனையறம் தழைத்து நீடு வாழ்வார்களாக.