மைக் துளையில் செருகிய பின்

அன்று இருந்தவர்கள்: கேமராவோடு நான். லைட் பிடித்த என் மச்சான். ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர். மகளிர் குழுத் தலைவி. பேச வந்த அம்மா.

இரண்டாயிரத்து மூன்று. முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களுக்குக் கொட்டகையும் கையுறையும் கேட்டு அதிகாரிகளிடம் ஒரு சிடி போட்டுக் காட்டுவதாகத் திட்டம். சென்டர்காரர் நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு கையின் போட்டோவை அமுக்கினால் அந்தக் கைக்காரர் பேசுவார். மல்டிமீடியா என்றார். எனக்குக் கல்யாண வீடியோதான் தெரியும்.

அம்மா தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"நிமிந்து பேசுக்கா. உன்னயவா பொண்ணு பாக்க வந்துருக்காங்க?" என்றார் தலைவி.

அம்மா சிரித்துவிட்டு என்னைக் கேட்டார். "நான் சொல்றதெல்லாம் அப்பிடியே வந்துருமா தம்பி?"

"வந்துரும்மா."

மகளைச் சின்ன வயதிலேயே கொட்டை உடைக்க உட்காரவைத்தாராம். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து வெந்துபோனது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி கொடுத்த கையைப் பார்த்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். "அவ கைய நான்தான் கெடுத்தேன்" என்றார். இதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். மற்ற பிள்ளைகளுக்காவது கையுறை வரட்டும் என்றுதான் சொல்கிறாராம்.

கல்யாண வீட்டில் சம்பந்திச் சண்டையெல்லாம் டேப்பில் ஏறிவிடும். அதனால் கேமராவின் மைக் துளையில் மைக் இணைக்காத வெறும் பின் ஒன்றைச் செருகியே வைத்திருப்பேன். கேமராவின் சொந்த மைக் நின்றுவிடும், சத்தம் ஏறாது. மிக்ஸிங்கில் பாட்டுப் போட்டுக்கொள்வோம். அன்றும் அதைப் பிடுங்கவில்லை. ஞாபகமே இல்லை.

சென்டரில் டேப்பை ஓட்டினோம்.

"என்னய்யா, வாய் அசையுது, சத்தத்தக் காணோம்?"

சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்லா எடுத்த போ. தாலி கட்டுறதையே எடுத்துட்டுத் திரி."

அதிகாரிகள் வர மூன்று நாள் இருந்தது. அந்த அம்மா ஊருக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம். போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை பேசச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. "பாட்டு போட்டுருங்க" என்றது நான்தான்.

அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியபோது அம்மாவும் வந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். திரையில் அவர் கையின் போட்டோவை அமுக்கினார்கள். அவர் வாய் அசைந்தது. சோகப் பாட்டு ஓடியது. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தம்மா என்ன சொல்றாங்க?" என்றார் ஒரு அதிகாரி.

சென்டர்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒயரைப் பார்த்தேன்.

தலைவி மெதுவாகச் சொன்னார். "நீயே சொல்லேன்க்கா."

"அதான் அன்னைக்கே சொல்லிட்டனே" என்றார் அம்மா. அவ்வளவுதான். அதிகாரி அடுத்த படத்தை அமுக்கச் சொன்னார்.

கொட்டகைக்கு உத்தரவு வந்தது. கையுறை பற்றி ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாவிடம் போய் நான் மன்னிப்பும் கேட்கவில்லை.

அந்த டேப்பின் மேல் வேறு கல்யாணம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும் தனியாகப் போட்டு, அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

முப்பத்தெட்டு நிமிடம்.