தொப்பி கழற்றிய ஸ்டேஷன்

தலையில் தொப்பி இல்லாத போலீஸ்காரன் சல்யூட் அடிக்கக் கூடாது. விறைத்து நின்றால் போதும். இந்த விதியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை மூன்று வருடம் அவமானப்படுத்தினோம். நாங்கள் என்றால் நானும்தான். காசிலிங்கம், அந்த ஸ்டேஷனில் டைரி எழுதிய ரைட்டர்.

பிளாரன்ஸ் 1974இல் தூத்துக்குடிக்கு எஸ்.ஐ.யாக வந்தார். எங்கள் பக்கம் அதற்கு முன் பெண் அதிகாரியை யாரும் பார்த்ததில்லை. அப்பா செபாஸ்டின் கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். காக்கிச் சேலையும் தொப்பியுமாக அவர் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றதும், பாரா நின்றவன் சட்டென்று தன் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். உள்ளே இருந்த நாங்களும் ஒருவர் பாக்கியில்லாமல் கழற்றினோம். அவர் எங்கள் தலைகளை வரிசையாகப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேர்க்குதோ?" என்றார்.

அவர் போன பிறகு சிரித்தோம். அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் இரண்டு முறை எழுத்தில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் பகவதி இரண்டையும் மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

பெண் கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவது, திருவிழாவில் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொள்வது, அழுதுகொண்டு வருகிறவளைத் தேற்றுவது. இதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தரப்படவில்லை. ஒருநாள் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "ரைட்டர், எனக்குன்னு ஒரு ஸ்டேஷன் வேணும். நான் சொல்லுத உத்தரவு நடக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

1977இல் பகவதி மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் ஸ்ரீவைகுண்டம் போனார். சீனியர் எஸ்.ஐ.யே பொறுப்பு என்று மேலிடத்து உத்தரவு வந்தது. சீனியர் பிளாரன்ஸ்தான். அவருக்கு இளையவரான எஸ்.ஐ. ராஜதுரை அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை, விசைப்படகுகள் வலையை அறுத்துவிட்டன என்று நாட்டுப்படகுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் துறைமுக ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. பிளாரன்ஸ் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். "யாரும் தடியைத் தூக்கக் கூடாது" என்று இரண்டு முறை உரக்கச் சொன்னார். பிறகு தனியாக நடந்து போனார். முன்வரிசையில் இருந்தது அவருடைய சொந்த அத்தை மெட்டில்டா.

"ஏளா பிளாரன்சு, வலைய அறுத்தவன் அங்கன நிக்கான். எங்கள எந்திரிக்கச் சொல்லுதியோ?"

"அவன் மேல இன்னைக்கே கேஸ் போடுதேன் அத்தை. இப்ப ஸ்டேஷன்ல நாந்தான் பொறுப்பு. என்னை நம்பி எந்திரிங்க."

மெட்டில்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையூன்றி எழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ராஜதுரைக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் பாய வருகிறது என்று கத்தி, "அடிங்கலே!" என்றார். ஆண்குரல் கேட்டதும் எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று பிளாரன்ஸ் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவனும் திரும்பவில்லை. மெட்டில்டாவின் வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து தொங்கியது.

மத்தியானம் ராஜதுரை என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். டைரியில் என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்ல, நான் எழுதினேன். "பொறுப்பு அதிகாரியின் உத்தரவின்பேரில் தடியடி நடத்தப்பட்டது." அவர் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நாளைக்கும் ஸ்டேஷன் ஆட்களோடுதானே டீ குடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

பிளாரன்ஸ் அதைப் படித்தார். "இது உங்க கையெழுத்துதானே ரைட்டர்?" என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். நடந்ததை அவர் தனியாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். விசாரணை வந்தது. அந்த அம்மா உத்தரவு போட்டதைக் காதால் கேட்டோம் என்று எட்டுப் போலீஸ்காரர்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். மூன்று வருடமாக அவர் குரல் காதில் விழாதவர்களுக்கு அன்றைக்கு மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

அவர் தெருவில் அதைவிட மோசம். நம்பி எழுந்தவர்களை அடிக்கவிட்டவள் என்று பேச்சு. கட்டுப்போட்ட கையோடு மெட்டில்டா, மருமகள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். ராஜதுரை இன்ஸ்பெக்டர் ஆனார். பிளாரன்சைச் சென்னையில் ஏதோ ஆபீசில் கோப்பு பார்க்க அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அவருக்கு ஒரு ஸ்டேஷன் கிடைக்கவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

புறப்படுவதற்கு முன் பொறுப்பை ஒப்படைக்க வந்தார். வழக்கம்போல எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்தார். நான் ஆணியில் கிடந்த என் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, குதிகால் சேர்த்து சல்யூட் அடித்தேன். அதிகாரி பதிலுக்கு அடிக்கும்வரை கையை இறக்கக் கூடாது. நெற்றியில் வைத்த கையோடு நின்றேன்.

பிளாரன்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெளியே நடந்தார்.