பேச்சி தராத செங்கல்

எண்பதுகளின் தொடக்கத்தில், சோழவந்தான் பக்கத்து ஊர் ஒன்றில் நான் கொத்தனார். எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவே சுவர் எழுப்ப ஊர்க்கூட்டம் முடிவெடுத்து, வேலையை என்னிடம் கொடுத்தது. நான் மறுக்கவில்லை. வேலை வேலைதானே என்று நினைத்தேன்.

எந்தக் கட்டடத்துக்கும் முதல் செங்கல்லை என் சித்தாள் பேச்சியின் கையால் வாங்கித்தான் வைப்பேன். அப்படியொரு கைராசிக்காரி. அன்றும் நூல் பிடித்துவிட்டு, பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"பேச்சி, மொதக் கல்லை எடு."

அவள் காலனிக்காரி என்பது அந்த நொடியில் என் புத்தியில் இல்லை. செங்கல்லை எடுத்தவள் நூல் போகும் திசையைப் பார்த்தாள்.

"அண்ணே, எம் புள்ளைக பள்ளிக்கூடம் போற பாதைண்ணே இது. இதை அடைக்க நானே கல்லு தரணுமா?"

செங்கல்லைத் திரும்ப அடுக்கிலேயே வைத்தாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"அவ கெடக்கா மாப்ள, வேற ஆளைக் கூப்பிடு" என்றார் மாமா முறையுள்ள பெரியவர் ஒருவர்.

நான் நூலைச் சுருட்டினேன். "இவ கல்லு தராத சுவரை நான் கட்ட மாட்டேன் மாமா. யாரை வச்சு வேணா கட்டிக்கங்க."

வெளியூர் ஆளை வைத்துக் கட்டினார்கள். அதன்பிறகு எங்கள் இருவருக்கும் அந்தத் தெருவில் வேலை இல்லை. போகட்டும். அவள் கேட்டிருக்காவிட்டால் நானே கட்டியிருப்பேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெரு வீடுகளில் பாதி நான் கட்டியவை. ஒவ்வொன்றின் அடியிலும் பேச்சி எடுத்துத் தந்த செங்கல் இருக்கிறது. சுவர் கேட்டவர்கள் முடிந்தால் அதை உருவி எறியட்டும்.