கத்தாத பெட்டி

மலேசியாவில் சுவாவுக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன் முகுந்தன். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினாள். பின்னால் ஊர் என்ன பேசினாலும் சரி, அவன் சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை. பக்கத்து ஊர் லுக்குட்டில் ஒரு கடையில் வேலை. ஆலைகளிலும் பம்புக் கொட்டகைகளிலும் சுவரில் மாட்டியிருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குப் புதுப் புரோகிராம் ஏற்றுவதுதான் அவன் பிழைப்பு.

அவன் தோட்டத்து எண்ணெய் ஆலையிலும் அப்படியொரு பெட்டி உண்டு. கழிவுக்குழியில் விஷவாயு சேர்ந்தால் ஊரே எழுந்துகொள்ளும்படி கத்தும். அது வந்ததிலிருந்து ஆலையில் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. பெட்டி கத்தினால் குழியில் இறங்கமாட்டார்கள், கத்தாவிட்டால் இறங்கிவிடுவார்கள். கையில் பிடித்து வாயு பார்க்கும் கருவி அலமாரியிலேயே கிடந்தது.

அந்தப் பெட்டிக்குள் வாயு பார்க்க, ஆலையை ஓட்ட என்று நாலைந்து புரோகிராம்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக லைப்ரரி என்று ஒரு கோப்பு. ஒரே அம்மியில் நாலு வீட்டுக்காரர்கள் அரைத்துக்கொள்வது மாதிரி. புதுசு வரும்போதெல்லாம் கோப்பின் பெயர் மாறும். புரோகிராமுக்கு அது தெரியாது, மாறாத ஒரு பெயரைத்தான் கேட்கும். அந்தப் பெயரில் இருப்பது கோப்பு இல்லை. கோப்பு இருக்கும் இடத்தைக் கைகாட்டுகிற லிங்க். புதுக் கோப்பை வைத்தவன் லிங்க்கையும் அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். ஒரே ஒரு வரி அடித்தால் முடிந்தது.

வியாழக்கிழமை முகுந்தன் புது லைப்ரரியை ஏற்றினான். பெட்டியில் இடம் குறைச்சல் என்று பழையதை அழித்தான். லிங்க்கைத் திருப்புவதும் பெட்டியை ஒருதரம் நிறுத்திப் போடுவதும் அவனுக்கு எப்போதும் சேர்ந்தே வரும் வேலை. அந்த நேரம் பார்த்து, ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி வந்து நின்றார்.

"ஏய், பெட்டிய ஆஃப் பண்ணாத லா! பழம் வெந்துகிட்டு இருக்கு. ஆலை நின்னா மேனேஜர் என் தோலத்தான் உரிப்பாரு."

"ரெண்டு நிமிஷம்தாண்ணே."

"ஒன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன தடவ மத்தியானச் சோறே ஆறிப்போச்சு. திங்கக்கெழம கழுவுற நாளு, அப்ப வந்து பண்ணு."

முகுந்தன் சோதனை வாயுவைக் காட்டினான். பெட்டி கத்தியது. குழி கழுவும் மாயாண்டி காதைப் பொத்திக்கொண்டு, "என் பொண்டாட்டிய விட மோசமா கத்துது!" என்று சிரித்தார். அந்தக் கத்தலை நம்பி முகுந்தன் கிளம்பினான். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், அழித்த லைப்ரரியை இன்னும் தன் நினைவில் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் கத்தியது. நிறுத்திப் போட்டால் பிடி விட்டுப்போகும். நிறுத்தும்போது தான் பக்கத்தில் இருப்போம் என்று நினைத்தான். லிங்க்கும் அதோடு திங்கட்கிழமைக்குப் போயிற்று.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து சேர்ந்தான். அதற்குள் எட்டு மணிக்கே ஆலையின் கரண்டை நிறுத்தி, மறுபடி போட்டிருந்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் வந்தால் போதும், அந்த விளக்கு எரியும். பெட்டி கத்தவில்லை. மாயாண்டி இறங்கினார்.

முகுந்தன் பார்த்தபோது அவரைச் சிமெண்டுத் தரையில் கிடத்தித் துணி போர்த்தியிருந்தார்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.

மடிக்கணினியைப் பெட்டியில் சொருகினான். லைப்ரரி கிடைக்கவில்லை என்று ஒரே வரி வந்தது.

சன்னாசி அவன் தோளோடு ஒட்டிக் குனிந்தார். "சரி பண்ண முடியுமா?"

"ஒரு வரி அடிக்கணும்ணே."

"அப்ப அடி! ஆபீசருங்க சிரம்பான்லேருந்து வந்துகிட்டு இருக்காங்க. அவங்க பாக்குறப்ப இது கத்தணும். கத்தியும் கேக்காம எறங்கிட்டான்னு முடிச்சிடலாம். ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. செத்தவனுக்கு என்னா ஆகப்போவுது லா?"

முகுந்தனின் விரல் எழுத்துகளின் மேல் நின்றது. பாதி வரி அடித்தும்விட்டான். அப்போதுதான் குமுதவல்லி வந்தாள், மாயாண்டியின் மனைவி. யாரோ அவள் காதில் அதற்குள் போட்டிருந்தார்கள்.

"தம்பி, அவரு அவசரப்பட்டு எறங்கிட்டாராமே? குடிச்சிருந்தாருன்னுகூடச் சொல்றாங்க. அவரு தொட்டு ஆறு வருஷம் ஆச்சுப்பா. நீ சொல்லு, இந்தப் பெட்டி கத்துச்சா?"

சன்னாசி தொண்டையைச் செருமினார்.

அடித்த பாதி வரியை முகுந்தன் ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். மடிக்கணினியைத் திறந்தபடியே விட்டு எழுந்தான்.

"கத்தலக்கா. அவரு மேல தப்பில்ல. கத்தாமப் போனதுக்கு நான்தான் காரணம்."

அவள் அவனை அடிக்கவில்லை, அழவும் இல்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"வர்றவங்ககிட்டயும் இதையே சொல்லணும். சொல்ற வரைக்கும் விடமாட்டேன்."

அதிகாரிகள் வந்து, அவன் சொன்னதைக் கேட்டு, லைப்ரரி கிடைக்கவில்லை என்ற அந்த ஒற்றை வரியைப் படம் எடுக்கும்வரை அவள் விடவும் இல்லை. அவன் விடுவித்துக்கொள்ளவும் இல்லை.